இரண்டு சிவப்பு

4 ஆகஸ்ட் 1991, ஞாயிறு

இன்று எம்.ஜி.யின் மட்கார்டுகளை அறுத்து எறிந்தோம். வெள்ளைக்காரன் காலத்து இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். பூந்தமல்லி பங்களா ஒன்றில் கோழிகளுக்குக் குடித்தனம் விட்டிருந்தார்கள். நாகப்பன் கெஞ்சி வாங்கி வந்தான். உள்ளே அம்பாசடர் இன்ஜினை இறக்கியாகிவிட்டது. பானெட் கிடையாது, முன்கண்ணாடி கிடையாது, சைலன்சர் பேருக்கு ஒரு முழம். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிய கிழவன் மாதிரி நிற்கிறது. டிங்கர் வேலை என்னுடையது என்பதால் அழகைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நாகப்பன் கம்பெனி பஸ் டிரைவர். இருபது வருடமாக நாற்பதைத் தாண்டி முள் ஏறியதில்லை. பின்னால் ஷிப்ட் முடிந்தவர்கள் தூங்குவார்கள், பாவம். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் வந்ததிலிருந்து பித்துப் பிடித்து அலைகிறான்.

"ஒரே ஒரு வாட்டி முழுசா மிதிச்சுப் பாத்துடணும்டா தணிகா. அப்பால செத்தாலும் பரவால்ல."

செத்துவிட்டால் இந்த இரும்பை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டேன்.

11 ஆகஸ்ட்

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் ஊரில் மூடி வைத்த எதுவும் போலீசுக்குச் சந்தேகம்தான். ஒரு ஏட்டு என் ஷெட்டுக்கு வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கார் என்றேன். நம்பவில்லை. நாகப்பன் ஸ்டார்ட் செய்தான். நம்பினார், காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

25 ஆகஸ்ட்

பெயின்ட் அடித்தோம். இல்லை, அவன் அடித்தான், நான் விஷமம் செய்தேன்.

இடது பக்கம் முழுக்க ரத்தச் சிவப்பு. அவன் டீ குடிக்கப் போன நேரம் டப்பாவை மாற்றி வைத்தேன். லாரிக்கு அடித்து மிச்சமான அரக்கு கலர். பிரஷ் வைத்ததுமே கத்துவான், என் பரம்பரையை இழுப்பான் என்று காத்திருந்தேன். வலது பக்கம் பூராவும் அடித்து முடித்தான். தள்ளி நின்று பார்த்தான்.

"ரெண்டு சைடும் ஒரே மாரி வந்துக்கீது பாத்தியா?"

நான்தான் சிரித்தேன். ஏன் என்றான். தின்னர் வாசம் என்றேன். அவசரக்குடுக்கை, எதையும் நின்று பார்க்க மாட்டான்.

27 ஆகஸ்ட்

பாபு டீக்கடையில் இதைச் சொன்னேன். இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், வலது பக்கம் பெண் வீட்டார், நடுவில் நாகப்பன் புரோகிதர் என்று. பெஞ்சு ஆடியது. கம்பெனி டைம் ஆபீஸ் நரசிம்மன்கூடச் சிரித்தார். "அடிச்சவருக்கே தெரியலியா?" என்று இரண்டு தரம் கேட்டார். கைதட்டு கிடைத்தால் எனக்கு வாய் நிற்குமா? இன்னொரு தரம் சொன்னேன், உப்பு காரம் சேர்த்து.

3 செப்டம்பர்

நாகப்பனைக் கம்பெனியில் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்களாம். எதற்கு?

5 செப்டம்பர்

எதற்கு என்று கேட்டிருக்கிறேன் நேற்று முன்தினம். எனக்கே தெரியவில்லையா, எனக்கு.

சர்க்கரை. அவனுக்குச் சர்க்கரை இருப்பதே யாருக்கும் தெரியாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ, ரோட்டை மனப்பாடமாக ஓட்டியிருக்கிறான். பஸ்ஸை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவி ஜோதி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"டீக்கடையில யாரோ பேசிக்கினாங்களாம்ணா. யாருன்னு அவருக்குத் தெரியுமாம். கேட்டா சொல்ல மாட்றாரு."

8 செப்டம்பர்

என் பெண்டாட்டி லீலாவிடம் சொன்னேன். ஐம்பது பேர் போகிற வண்டி, ஒரு நாள் லாரியில் கொண்டுபோய் விட்டிருந்தால்? தெரிந்ததே நல்லதுதானே? நான் செய்தது—

அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அவுரு கண்ணுக்காகவா நீ சொன்ன? சிரிக்கறதுக்குத்தானேய்யா சொன்ன?"



22 செப்டம்பர்

ஷெட்டுக்கு வந்தான். ஒரு வார்த்தை இல்லை. இன்ஜின் பக்கம் குனிந்து வால்வு டேப்பெட் இடைவெளியை விரலாலும் காதாலும் சரி செய்தான். நான் என் ஜோக்குச் சரக்கில் நல்லதாக மூன்று எடுத்து விட்டேன். மூன்றும் ஆயில் டிரேயில் விழுந்தன.

29 செப்டம்பர்

வந்தான். பேசவில்லை. போனான்.

ஆயுத பூஜை

கம்பெனியில் அவன் பஸ்ஸுக்கு மாலை போட்டு, வேறு ஒருவன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தான். பூசணிக்காய் உடைக்க நாகப்பனைக் கூப்பிட்டார்களாம், கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம்.

நேராக ஷெட்டுக்கு வந்தான். சட்டைப் பையில் நான்கு எலுமிச்சம்பழம். கீழே உட்கார்ந்து, டயர் தரையைத் தொடும் இடத்தைக் கையால் தடவித் தடவித் தேடி, அங்கே வைத்தான். நான்கு சக்கரத்துக்கும். நான் உதவிக்குக் குனியவில்லை. குனிந்திருந்தால் அடித்திருப்பான். அடித்திருக்கலாம்.

வண்டியை எடுக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

10 நவம்பர்

போன பார்வை திரும்பாது என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இருப்பதையாவது காப்பாற்றலாம் என்கிறார்களாம்.

வலது பக்கத்தையும் சிவப்பாக்கிவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அவன் என் கையிலிருந்து மூடியை வாங்கி, சத்தமில்லாமல் மூடினான்.

1 டிசம்பர், ஞாயிறு

பிள்ளைப்பாக்கம் தாண்டிப் புதிதாகத் தார் போட்ட ரோடு ஒன்று இருக்கிறது. தொழிற்சாலை இன்னும் வரவில்லை, ரோடு முதலில் வந்துவிட்டது. ஆள் அரவம் கிடையாது. விடிந்ததும் போனோம். அதாவது, நாகப்பன் ஷெட்டுக்கு வந்து இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். சாவியை என் பக்கம் நீட்டினான்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது பெரிய வார்த்தை. ஷெட்டிலிருந்து வெளியே, வெளியிலிருந்து ஷெட்டுக்கு. பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை ஆப் ஆனது. இடதுபக்கத்திலிருந்து ஒரு வசவுகூட வரவில்லை.

புது ரோட்டில் திருப்பினேன். இன்ஜின் கதற ஆரம்பித்தது.

"ரெண்டு," என்றான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கிளட்சை மறந்தேன், கியர் கொறகொறத்தது.

"மூணு."

கண்ணாடி இல்லாததால் காற்று முகத்தில் அறைந்தது. என் கண்ணில் தண்ணீர். காற்றுதான்.

"நாலு போடு. மிதி."

மிதித்தேன். பக்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வலது கால் மட்டும் எதுவும் இல்லாத தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது, பாதம் முழுதும்.

ரோடு முடிந்த இடத்தில் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இன்ஜின் கொஞ்ச நேரம் டிக் டிக் என்றது.

"எவ்ளோ போனோம்?"

முள் ஐம்பத்தைந்தைத் தொட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். "நூறு," என்றேன்.

"அறுவதுகூட இல்ல," என்றான். இன்ஜின் சத்தத்தை இருபது வருடம் கேட்டவன். பிறகு, இறங்காமலேயே, ரோட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்: "டீக்கடையில நூறுன்னு சொல்லு."

சாயங்காலம் பாபு கடைக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எவ்வளவு போச்சு, யார் ஓட்டினது, அவருக்கு ரோடு தெரிந்ததா, சொல்லு தணிகா என்று பெஞ்சே திரும்பி உட்கார்ந்தது.

நூறு என்பது நாக்கு நுனி வரை வந்தது, அவனை வைத்து இனிக் கதை வேண்டாம் என்று விழுங்கினேன். டீ ஆறிப்போகிறது என்றேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.