முட்டை அட்டையில் இருந்த மாத்திரைகள்

ஏனுங்க,

பொங்கலுக்கு வீடு ஒழிக்கையில் அட்டாலியில் கிடந்த சாமான்களை எல்லாம் இறக்கினேன். நீங்கள் இருந்தவரை அது உங்கள் வேலை. நீங்கள் மேலே ஏறித் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுப்பீர்கள், நான் கீழே நின்று வாங்குவேன். இந்த வருசம் ஸ்டூலைப் போட்டு நானே ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் நீங்கள் வேலை பார்த்த கோழிப் பண்ணையிலிருந்து கொண்டுவந்த பழைய முட்டை அட்டைகள் ஒரு கட்டாக, சணல் கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தன. அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று இழுத்தேன். உள்ளே ஏதோ சரசரத்தது.

கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு அட்டைக்கு நடுவில், முட்டை உட்காரும் குழிகளில், சின்னச் சின்னக் காகிதக் கவர்களை மடித்து வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாதத்தின் பேர், அதற்குக் கீழே "காலை 1". சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் ஸ்கூட்டியில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் கையெழுத்து அது. பதினான்கு கவர்கள். நாலைந்தைப் பிரித்தேன். முதல் மாதத்துக் கவரில் மட்டும் பாதி மாத்திரை இல்லை. மற்றவை வந்தது வந்தபடியே இருந்தன. அதற்கு மேல் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒழித்த சாமான் எல்லாம் நடுவீட்டில் கிடந்தது.

நீங்கள் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிளாஸ்டிக் முட்டை வருகிறது என்று ஊரெல்லாம் பேசினார்களே, நினைவிருக்கிறதா? அயோத்தியாப்பட்டணத்தில் மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தோம். சம்பந்தியம்மா ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தோலை உரித்து உங்கள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க சம்பந்தி, அப்படியே பிளாஸ்டிக் கவர் மாதிரி வருது. பத்த வெச்சாப் பொசுங்குது. போன்ல போட்டுக் காட்டுறாங்க."

நீங்கள் சிரிக்காமல் கேட்டீர்கள். "உங்க தலமுடியும் பத்த வெச்சாப் பொசுங்குமுங்க. அதுக்காக நீங்க பிளாஸ்டிக்குங்களா?"

மகள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நீங்கள் பதமாகச் சொன்னீர்கள்: "ஒரு முட்டைய ஒடச்சுக் கிண்ணத்துல ஊத்தி மூணு நாள் வெய்யிங்க. நாத்தம் வந்தா முட்டை. வராட்டி பிளாஸ்டிக்கு. நீங்களே பார்த்துக்கலாம், நானும் சொல்ல வேண்டாம், போனும் சொல்ல வேண்டாம்."

மூன்றாம் நாள் போன் வந்தது. "சம்பந்தி, வீடே நாறுது, உங்க பேச்சக் கேட்டது தப்பாப் போச்சு!" அதை வைத்துக்கொண்டு நாம் ஒரு வாரம் சிரித்தோம். பண்ணையில் எல்லோரிடமும் சொல்லிக் காட்டினீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள்தான், முந்தின வருசம் ஆனி மாதத்தில் ஒருநாள், சாப்பிட்ட கையோடு போனை என் பக்கம் திருப்பி, "தம்பி அனுப்பியிருக்கறான், பாரு புள்ள" என்றீர்கள். கோட்டு போட்ட ஒரு ஆள் பேசினார். பிரஷர் என்று ஒரு நோயே கிடையாதாம். மருந்து கம்பெனிகள் உட்கார்ந்து பேசி அளவைக் குறைத்து, நல்லா இருக்கிறவர்களை எல்லாம் நோயாளி ஆக்கிவிட்டார்களாம். மாத்திரை போடப் போடக் கிட்னி போகுமாம், அப்புறம் அதற்கும் அவர்களிடமே போக வேண்டுமாம்.

"இதெல்லாம் நெசமுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லாட்டி ஓசியில எதுக்கு ஊடு தேடி வந்து குடுக்கறாங்க? யோசி" என்றீர்கள்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். ஆனால் நீங்கள் ஏன் நம்பினீர்கள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. பண்ணைக்கு மருந்து கம்பெனிக்காரர் பைக்கில் வருவாரே. முதலாளி வீட்டுக்கு ஒரு தடவை குக்கர் வந்தது, ஒரு தடவை சுவர்க் கடிகாரம் வந்தது. அதற்கடுத்த வாரமே கோழி குடிக்கும் தண்ணீரில் ஒரு நீல மருந்தைக் கலக்கச் சொல்வார்கள். "எட்டு நாள் கலக்கினோம், ஒரு முட்டை கூட ஏறல" என்று வந்து சொல்வீர்கள். "மருந்து விக்கறவனுக்கு நோய் வேணும் புள்ள." அது உங்கள் கண்ணால் பார்த்தது. பொய் இல்லை. அந்தப் போன் ஆள் சொன்னது, நீங்கள் பார்த்த அந்த உண்மையின் மேல் வந்து சரியாக உட்கார்ந்துகொண்டது.

அதே கையால்தான் குஞ்சு வந்து இறங்கினால் ஒன்றுவிடாமல் பிடித்துக் கண்ணில் சொட்டு மருந்து விடுவீர்கள். கோழி நல்லாத்தான இருக்குது, எதுக்கு மருந்து என்று புதிதாக வந்த ஒரு ஆள் கேட்டபோது, "நல்லா இருக்கையிலதாண்டா விடணும், சீக்கு வந்த பொறகு பண்ணையக் கூட்டித்தான் அள்ளணும்" என்று நீங்கள் போட்ட சத்தம் அடுத்த ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அந்த ஒரு வார்த்தையை அப்போதே உங்களிடம் திருப்பிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அட்டாலியிலிருந்து கவர்களை எடுத்த அன்றைக்குத்தான் தோன்றியது.

அழுது சண்டை போட்டேன். இரண்டு நாள் உங்களுக்குத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாள், "சரி, போட்டுக்கறேன். டீ குடிச்ச பொறகுதான் போடோணும், பண்ணையில போட்டுக்கறேன்" என்று கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். நான் அத்தோடு விட்டுவிட்டேன். மாத்திரைக்காரப் பெண் வரும் நாளில் எல்லாம் உங்களுக்கு ஷெட்டில் வேலை இருந்தது. கையில் பட்டையைக் கட்டி அவளிடம் நீங்கள் பிரஷர் பார்த்துக்கொண்டது முதல் தடவை மட்டும்தான். மற்ற மாதங்களில் நான்தான் கவரை வாங்கினேன். அவள் கேட்பாள், "ஐயா தவறாம போடறாருங்களா அம்மா? உப்பக் கொறச்சிருக்கறாருங்களா?" மாத்திரை போடறாரு, உப்புத்தான் கேக்க மாட்டேங்கறாரு என்பேன்.

போன ஆடியில், தீவன மூட்டையைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். முட்டை வண்டியில்தான் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "பிரஷர் மாத்திரை சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாள் தவறினதில்லீங்க" என்று சொன்னேன். அடித்துச் சொன்னேன். அவர்கள் ஒரு ஊசி போட்டார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து ஏதோ கேட்டீர்கள், வாய் குழறியது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

உங்கள் தம்பி ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார். "பேசிட்டு இருந்த மனுசனுங்க. ஊசி போட்ட அரை மணியிலயா? என்னத்தப் போட்டாங்கன்னு கேட்டீங்களா அண்ணி?" கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊசியால்தான் செத்தீர்கள் என்று நானும் நம்பினேன். வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. உங்கள் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, எங்கோ ஒரு ஆள் கெட்டவன் என்றால் அழுவதற்கு வசதியாக இருக்கிறது. இதை இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பேச்சு என்னோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். மார்கழிக் கடைசியில் உங்கள் தம்பி மல்லசமுத்திரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்தார். முகம் ஊதி, கண் சிவந்து இருந்தது. என்னைப் பார்க்க வந்த அன்று மாத்திரைக்காரப் பெண்ணும் எனக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்திருந்தாள். சும்மா பார்க்கலாம் என்று அவர் கையில் பட்டையைக் கட்டினாள். பார்த்துவிட்டு, "அண்ணா, இது நெம்ப ஏறிக் கிடக்குது. இன்னைக்கே டாக்டரப் பாருங்க" என்றாள். அவர் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்கண்ணனக் கொன்ன கூட்டம் நீங்க. என்னையும் கொல்லோணுமா?"

அந்தப் பெண் குனிந்து எடுத்தாள். பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நான் சொன்ன கதைதான் அவர் வாயில் வந்தது. இது நடந்து நாலாம் நாள்தான் அட்டாலியில் கவர்களைப் பார்த்தேன்.

காட்டினால் ஊர் முன்னால் உங்கள் பேர் கெடும், பெண்டாட்டியை ஏமாற்றினவர் என்று. அது போகட்டும். அந்த வீடியோவை அனுப்பியது அவர். காட்டினால் அண்ணனைக் கொன்றது தான்தான் என்று அவர் நினைப்பார். காட்டாவிட்டால் அவரும் போவார். இரண்டு நாள் அந்த அட்டையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், உங்களைப் போலவே. அப்புறம் மீதிக் கவர்களையும் பிரித்துப் பார்த்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று அவரைச் சாப்பிட வரச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் முட்டை அட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன்.

"என்னங்க அண்ணி, முட்டையா?"

"பிரிச்சுப் பாரு சாமி."

ஒவ்வொரு கவராக எடுத்தார். மாதத்தின் பேரைப் படித்தார். நாலாவது கவரில் கை நின்றது.

"அண்ணனுக்குக் குடுத்ததுங்களா?"

"ஆமா."

"முழுங்கவே இல்லீங்களா? நீங்க டாக்டர்கிட்டத் தவறாமப் போடறாருன்னு..."

"எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

கவரை மடித்துத் திரும்பக் குழியிலேயே வைத்தார். அப்புறம் தலையைத் தூக்காமல், "அந்த வீடியோவ நாந்தானுங்க அனுப்புனேன்" என்றார்.

"தெரியும். நல்லது நெனச்சுத்தான அனுப்புன? அதச் சொல்லிக் காட்டறதுக்கு உன்னயக் கூப்பிடல. கடைசிக் கவர எடுத்துப் பாரு."

ஆடி என்று எழுதிய கவர் அது. உள்ளே இருந்த மாத்திரை அட்டையில் மூன்று குழி காலி.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்குமுங்களோ?"

"எலி கடிச்சாப் பிஞ்சு கெடக்கும். இது வெரல்ல அமுக்கி எடுத்தது."

"அண்ணந்தான் எடுத்தாருங்கறதுக்கு?"

"தெரியாது சாமி. நான் பார்க்கல."

மோர் விஷயத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அந்தக் கடைசி வாரம், தலை கனமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். மத்தியானம் மோர் கொடுத்தேன். "உப்புப் போடாமக் குடு புள்ள" என்றீர்கள். நம் கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு விரல் உப்பு போட்டாலும் பற்றவில்லை என்பவர். எதுக்குங்க என்று கேட்டேன். "சும்மாதான்" என்றீர்கள். சாயும் நாள் வரைக்கும் உப்பில்லாத மோர்தான்.

உங்கள் தம்பி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். கையில் தேங்காயை வைத்துக்கொண்டு, அது எழுந்து நின்றால் தண்ணீர் என்று குறி பார்க்கிறவர்களைக் கண்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர்கள் காட்டிய இடத்தில் ஆயிரம் அடி இறக்கிப் புழுதியைப் பார்த்தவர். அவர் தேங்காயை நம்ப மாட்டார், நீங்கள் பிளாஸ்டிக் முட்டையை நம்ப மாட்டீர்கள். கை பழகின வேலையில் உங்கள் இரண்டு பேரையும் யாரும் ஏமாற்ற முடியாது. உங்கள் உடம்புக்குள் ஓடும் ரத்தத்தைத்தான் நீங்கள் பார்த்ததில்லை. அங்கே யாரோ ஒரு கோட்டுப் போட்ட ஆள் புகுந்துவிட்டார். மூன்று நாளில் நாறுவது முட்டை. மனுசனுக்குப் பதினாலு மாசம் ஒன்றும் நாறவில்லை. மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கிறோம் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

ஆனாலும் நீங்கள் அதைக் குப்பையில் போடவில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பண்ணையில் எத்தனை குப்பை, எரிக்கிற குழி இருக்கிறது. பதினாலு மாசம் ஒவ்வொரு கவரையும் எனக்குத் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, நனையாத இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள். முழுசாக நம்பினவர் எடுத்து வைப்பாரா?

அன்று உங்கள் தம்பிக்கு மோர் கொடுத்தேன். உப்புப் போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். மறுநாள் அவராகவே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாக அவர் சம்சாரம் போன் பண்ணினாள்.

இப்போது திரும்பவும் ரிக் வண்டியோடு போயிருக்கிறார். போடுகிறேன் என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை நான் இனி கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த வீடியோ வந்த அதே உங்கள் போனுக்குத்தான் வருகிறது. குழியை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஏழும் காலி, ஓரத்தில் அவர் கட்டைவிரல், நகத்தில் கிரீஸ்.

மாத்திரைக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊசியைப் பற்றி நான் யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடம் எல்லாம், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு முதலில் சொன்னதுதான் பிடித்திருக்கிறது. உங்கள் பேர் கொஞ்சம் கெட்டிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கவர்களை எல்லாம் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று குழி காலியான அந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அதை நீங்கள்தான் அமுக்கினீர்கள், என் பேச்சைக் கடைசியில் கேட்டீர்கள் என்று நம்புகிறேன். சாட்சி என்ன என்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் உப்பில்லாத ஒரு டம்ளர் மோர்தான் இருக்கிறது. தனக்கு வேண்டியதை நம்புவதற்கு மனசு எப்படிக் காரணம் தேடும் என்று இந்த வருசம் நன்றாகவே பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் இந்த ஒன்றை நான் விடுவதாக இல்லை.