பட்டினிக் குதிரைகளுக்கு வைத்த கஞ்சி

9-9-91, திங்கள்

காலையிலேயே வெயில். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து சைக்கிளில் உள்ளே மூன்று மைல். கோமாரி ஊசி, முப்பத்தொரு மாடு. பதினோரு மணிக்கே பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. முழங்கையில் ஓர் உதை, வீக்கம்.

கடைசி வீட்டுப் பச்சையம்மாள், ஆடு வைத்திருப்பவர், கிளம்ப விடவில்லை. ஊர் மாட்டையெல்லாம் பார்க்கிறீர்களே, மனை போட்ட இடத்துக்குள் போய்ப் பார்த்தீர்களா என்றார். "உள்ள குதிரை கீது சார். நின்னுக்கினு கீதுன்னுதான் பேரு."

போனேன். கம்பி வேலி, இரும்பு கேட். காவலுக்கு முனுசாமி என்று ஓர் ஆள், ஐம்பது வயசிருக்கும். மனை பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகள் சவாரி போக ஐந்து குதிரைகளைச் சித்திரையில் கொண்டுவந்தார்களாம். மனை விற்கவில்லை. குதிரைக்காரன் சொல்லாமல் போய்விட்டான். இரண்டு மாதமாக முதலாளி பக்கமிருந்து ஒருவரும் இல்லை. ஒரு குதிரை போன வாரம் செத்து, பின்னால் குழியில். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "சாவி என்கிட்ட கீது சார். தீனி என்கிட்ட இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?"

மிச்சம் நான்கு.
வெள்ளை ஆண். இடுப்பெலும்பு இரண்டும் கொம்பு மாதிரி.
செவலைப் பெண். முதுகில் சேணம் அறுத்த புண், புழு.
கறுப்பு ஆண். குளம்பு அழுகி நாற்றம்.
மட்டக் குதிரை ஒன்று. கடிக்கிறது.

கொட்டகைக் கம்பத்தைக் கடித்தே பாதியாக்கி வைத்திருக்கின்றன. பதினேழு வருஷ சர்வீஸ் எனக்கு, கால்நடை உதவியாளராக. குதிரையைத் தொட்டது இன்றுதான் முதல் தடவை.

தண்ணீர் எட்டு வாளி. பச்சையம்மாள் வீட்டு அண்டாவில் அரிசிக் கஞ்சி, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, ஒரு கட்டி வெல்லம். வெள்ளைதான் அதிகம் குடித்தது. தலையே தூக்கவில்லை. அண்டாவை நக்கும் சத்தம். பச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். 

வீட்டில் விமலாவிடம் சொன்னேன். ரொம்ப நாள் கழித்து சந்தோஷமாகப் பேசுகிறீர்கள் என்றாள்.

10-9-91, செவ்வாய்

காலை ஆறரைக்கே அங்கே. மறுபடி கஞ்சி, நேற்றைவிடக் கூட. முனுசாமிதான் கிளறினான். ஓர் உதவி கேட்டான்: முதலாளி வந்தால் அவன் கேட்டைத் திறந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது.

மருந்தகத்தில் இரண்டு சினை ஊசி, ஒரு நாய், கோழிக்குச் சொட்டு மருந்து.

சாயங்காலம் போனபோது வெள்ளை சாப்பிடவில்லை. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. முன்காலால் மண்ணைக் கீறுகிறது. மாட்டுக்கு வயிற்று உப்புசம் வந்தால் கொடுக்கும் எண்ணெயைக் கொடுத்தேன். காலையில் சரியாகிவிடும் என்று முனுசாமியிடம் சொன்னேன்.

11-9-91, புதன்

சரியாகவில்லை.

வெள்ளை தரையில் புரண்டுகொண்டிருந்தது. உடம்பு முழுக்க வேர்வை, குளிப்பாட்டியது போல. டாக்டரம்மா எங்கள் மருந்தகத்துக்குப் புதன், சனி மட்டும் வருவார். சின்ன வயசு, தாம்பரத்திலிருந்து பஸ். படிப்புக்குப் பிறகு ஒரு வருஷம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். பஸ் நிறுத்தத்திலேயே மறித்துக் கூட்டி வந்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டார். ஊசி இரண்டு போட்டார். காதை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். எழுந்து, என்ன கொடுத்தீர்கள் என்றார். சொன்னேன்.

அவர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக, "இது மாடு இல்லைங்க. குதிரைக்கு வாந்தி எடுக்கக்கூட வராது. காஞ்ச வயித்துல அரிசியும் பிண்ணாக்கும் போனா உள்ளயே பொங்கிடும். முதல் பத்து நாளைக்கு வெறும் புல்லு, அதுவும் ஒரு பிடி ஒரு பிடியாத்தான் தரணும்" என்றார்.

பதினொன்றேகாலுக்கு வெள்ளை போய்விட்டது. இரண்டு மாசப் பட்டினியைத் தாங்கியது. என் கஞ்சியைத் தாங்கவில்லை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டில் சாவுக்குக் காரணம் பட்டினி என்று எழுதினார். கஞ்சியையும் எழுதுங்கள் என்றேன். "பட்டினின்னு எழுதினாத்தான் ஸ்டேஷன்ல அவங்க மேல புகார் நிக்கும். எழுதினதும் பொய் இல்ல" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பச்சையம்மாளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

12-9-91, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. விமலா கேட்டாள், தலைவலி என்றேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது:
புல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். ஒரு கைப்பிடி.
குதிரை மசால் தழை கிடைத்தால் கொஞ்சம். (படப்பையில் ஒரு பால்காரர் தோட்டத்தில் இருக்கிறது. கேட்டாயிற்று.)
உப்புக்கட்டி.
தானியம் கிடையாது. கிடையவே கிடையாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் எங்கே வர முடியும்? முனுசாமி, தான் கொடுப்பதாகச் சொன்னான். கடிகாரம் இல்லை. என் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன்.

பிடிப் புல்லைக் கொடுத்துவிட்டு வாயிலிருந்து பிடுங்கிக்கொள்வது போல நகர வேண்டியிருக்கிறது. மூன்றும் பின்னாலேயே வருகின்றன.

15-9-91, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. விமலா மட்டும் போனாள்.

கறுப்பு காலையில் படுத்துவிட்டது. எழவில்லை. படுத்தே இருந்தால் நுரையீரல் கெட்டுவிடும், எப்படியாவது தூக்கி நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா நேற்றே சொல்லியிருந்தார். செங்கல் சூளையிலிருந்து ஏழு பேர். வயிற்றுக்கடியில் கோணிச்சாக்கு, இரண்டு பக்கமும் சவுக்குக் கழி. நிறுத்தினோம். நாலு கால் நடுங்க ஒரு நிமிஷம் நின்றது. சூளை ஆட்கள் சிரித்தார்கள், ஒருவர் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அப்படியே கால் மடங்கி விழுந்தது.

மத்தியானம் இன்னொரு தரம். அதுவும் அப்படியே.

16-9-91, திங்கள்

மூன்றாவது தரம். கால் ஊன்றவே இல்லை. குளம்பு ஒன்று கையோடு வந்துவிட்டது. சூளைக்காரர்கள், இனி வேண்டாம் சார், பாவம் என்று கழியைக் கீழே போட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு இன்று வேறு மருந்தகம். ஆள் அனுப்பினேன், வந்தார். பார்த்துவிட்டுப் பையிலிருந்து பெரிய ஊசியை எடுத்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கனம். கண்ணில் ஈ. ஓட்டினேன். ஊசி பாதி இறங்கும்போதே மூச்சு நின்றது.

குழி வெட்ட முனுசாமியும் நானும். மண் பாறை மாதிரி.

இதுவும் கஞ்சியாலா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

22-9-91, ஞாயிறு

செவலை நிற்கிறது. புண்ணில் புழு இல்லை. மட்டக் குதிரை முனுசாமியைத் தோளில் கடித்தது, சட்டை கிழிசல். அவன் கோபப்படவில்லை. "கடிக்க தெம்பு வந்துச்சே சார்" என்றான்.

பச்சையம்மாளிடம் வெள்ளை எதனால் செத்தது என்று இன்று சொல்லிவிட்டேன். அடுப்பில் ஊதிக்கொண்டே கேட்டார். "என் அண்டாலதான காச்சினோம். எனக்கும் பாதி பாவம்" என்றார்.  டீ கொடுத்தார்.

6-10-91, ஞாயிறு

மழை வருகிற மாதிரி மூட்டம், வரவில்லை. சைக்கிள் டியூப் பஞ்சர், இரண்டு ஒட்டு.

செவலையின் விலாவில் கை வைத்தால் எலும்புக்கு மேல் ஏதோ இருக்கிறது. ஒரு விரல் கனத்துக்குச் சதை. திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். தலையை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம். நகர மனசில்லை.

புகார் கொடுத்து மூன்று வாரம். முதலாளிக்குத் தகவல் போயிருக்கிறதாம்.

17-10-91, வியாழன்

முதலாளியின் மேனேஜர் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஸ்டேஷனில், இனி ஒழுங்காகக் கவனிப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். குதிரையைச் சுற்றி வந்து பார்த்தார். நல்லா தேத்திட்டீங்களே என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமல்லபுரம் ரோட்டில் புதிதாக மனை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வரும், சவாரிக்கு இந்த இரண்டும் போதும் என்றார்.

சவாரிக்கு இன்னும் ஆறு மாசம் ஆகும் என்றேன். சரி சரி என்றார்.

19-10-91, சனி

டாக்டரம்மா மேலிடத்தில் பேசிப் பார்த்தாராம். சொத்து அவர்களுடையது. மறுபடி பட்டினி போட்டால் மறுபடி புகார் கொடுக்கலாம். "மறுபடி போட்டாத்தான்" என்று சொல்லிவிட்டு, தீனி விவரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். கண் சிவந்திருந்தது.

21-10-91, திங்கள்

தூறல். எட்டு மணிக்கு லாரி, கூட மூன்று ஆட்கள். மேனேஜர் தீனிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், படிக்கவில்லை.

மட்டக் குதிரையை நாலு பேர் தூக்கியே ஏற்றினார்கள். செவலை பலகையில் கால் வைக்க மறுத்தது. கயிற்றால் இழுத்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து கழியால் அடித்தான், புண் ஆறிய இடத்திலேயே. முனுசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொரு அடி.

அடிக்காதீங்க, நான் ஏத்துறேன் என்றேன்.

பலகையில் நான் முன்னால் ஏறினேன். கூப்பிடக்கூட இல்லை. கையில் புல்லும் இல்லை. என் பின்னாலேயே வந்தது. உள்ளே தலையைத் தோளில் வைத்தது. சார், இறங்குங்க, நேரமாகுது என்றார்கள். இறங்கினேன். பின்பலகையை மாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விமலா கேட்டாள், ஏறிச்சா என்று. ஏறிடுச்சு என்றேன்.