அம்மாவைச் சுற்றிய வேலி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம். போன வாரம் ஒரு கிடா முட்டித் தள்ளியதில் கை லேசாக வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், பயப்படாதீர்கள்.

இங்கே என் ஆராய்ச்சி என்ன தெரியுமா? ஆட்டுப் புழுக்கையைத் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, முளைப்பதையெல்லாம் எண்ணுவது. சிரிக்காதீர்கள். ஒரே தட்டில் பதினான்கு வகைச் செடிகள் வந்தன. ஆடு நுழையாமல் பத்து வருடம் வேலி போட்டு வைத்த நிலத்திலோ ஒரே ஒரு புல்தான். "ஆடு அழிச்சிடும்னு வேலி போட்டாங்க. அளவா மேய விட்டா, வெதைய கொண்டாந்து போடுறதே அதுதாம்மா" என்றார் ஆடு மேய்ப்பவர்.

அதற்குமேல் அன்று என்னால் எண்ண முடியவில்லை. அம்மாவைப் புதைத்த இடத்தில் ஆடு கால் வைக்கக் கூடாது என்று அடம்பிடித்து வேலி போட வைத்தவள் நான்தானே. அவள் வளர்த்த ஆடுகள் வேலிக்கு வெளியே நின்று கத்துவதாக எழுதியிருந்தீர்கள்.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது. வேலி முழுவதையும் பிரிக்காதீர்கள், உங்கள் மூட்டு தாங்காது. ஒரு ஆடு நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டால் போதும், அப்பா.

உங்கள் மகள்