இருபது கிலோமீட்டர் உயரத்து ஈரம்

10 ஜூலை 2025

வயல் தண்ணீர் மோட்டாரின் காயில் கருகிவிட்டது. காலையிலிருந்து வீட்டில் அதே பேச்சு. அவர் பாகூர் கடைத்தெருவுக்கும் கரும்பு வயலுக்குமாக நாலு முறை பைக்கில் போய் வந்தார். நான் அறைக்குள் உட்கார்ந்து, இருபது கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க கொல்லையில தண்ணிய காணோம், நீ மேல தேடிக்கினு இருக்கியா செல்வி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். என் வேலையைப் பார்த்து இந்த மனிதர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

14 ஜூலை

ஆய்விதழிலிருந்து பதில். ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

நான் சொல்வது சின்ன விஷயம்தான். மேகங்களுக்கெல்லாம் மேலே, அடுக்குமண்டலத்தில், காற்று காய்ந்து கிடக்கிறது. பத்து லட்சம் மூலக்கூறுக்கு நாலைந்துதான் நீராவி. அது துளி கூடினாலும் கீழே நமக்குச் சூடு கூடும், ஓசோனுக்கும் கேடு. பழைய செயற்கைக்கோள் ஒன்று, அது கூடிக்கொண்டே போகிறது என்கிறது. கூடவில்லை, அந்தக் கருவிக்குத்தான் வயதாகிவிட்டது, அதன் அளவுகளை இப்படித் திருத்துங்கள் என்பது என் கட்டுரை. ஐந்து வருட வேலை. என் பழைய பலூன்கள் அளந்ததை வைத்துச் செய்தது.

கட்டுரையைப் படித்த நடுவர் கேட்கிறார்: புதிதாக ஒரு பலூன் விட்டு அளந்து காட்ட முடியுமா?

நியாயமான கேள்வி. ஆனால் ஈரம் அளக்கும் கருவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

29 ஜூலை

உஷாராணி இல்லாவிட்டால் என் ஆய்வகம் இல்லை. பதினெட்டு வருடமாகப் பலூன் கட்டுகிறவள். இன்று கருவிப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், எல்லாம் இங்கிலீஷ்லயே கீது? வயல்ல வுழுந்தா யாரு படிப்பா?" என்று கேட்டாள். நான் யோசித்ததே இல்லை. அவளே பேனா எடுத்து எழுதினாள்: 'இது வானிலை அளக்கும் கருவி. ஆபத்து இல்லை. தயவுசெய்து உடைக்காமல் இந்த எண்ணுக்குச் சொல்லவும்.' கீழே என் போன் நம்பர்.

6 ஆகஸ்ட்

வில்லியனூர்ப் பக்கம் பள்ளி மைதானத்திலிருந்து பதினொன்றே முக்காலுக்கு விட்டோம். பழைய செயற்கைக்கோள் ஒன்றரை மணிக்கு நம் தலைக்கு மேல் போகும். அந்த நேரத்துக்குப் பலூன் மேலே இருக்க வேண்டும். அழகாக ஏறியது.

பதினேழு கிலோமீட்டரில் ரேடியோ நின்றுவிட்டது.

திரையில் ஒன்றும் இல்லை. உஷாராணி ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். எனக்கு வேண்டிய உயரம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

கருவிக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. பெட்டி கிடைத்தால் எல்லாம் கிடைக்கும்.

7 ஆகஸ்ட்

காற்றுக் கணக்குப்படி கிருமாம்பாக்கத்துக்கும் கடலுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். அவர் மோட்டார் வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டி எடுத்தார். மூன்று பேரும் வரப்பு வரப்பாகத் தேடினோம். பனித்திட்டுக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடமும் சொல்லி வைத்தோம். "கடல்ல வுழுந்திருந்தா கெடைக்கிறது கஷ்டம்மா. கெடைச்சா கண்டிப்பா சொல்றோம்" என்றார்கள்.

நேற்று சாயங்காலம் பெய்த மழையில் வழியெல்லாம் சேறு. தெர்மாகோல் பெட்டி அது. எவ்வளவு நேரம் தாங்கும்?

8 ஆகஸ்ட்

இல்லை.

9 ஆகஸ்ட்

பத்தரை மணிக்குத் தெரியாத எண். எடுத்ததும் ஒரு பெண் குரல், சண்டைக்கு வருவது போல.

"ஏம்மா, வானத்துலேர்ந்து பொட்டி போட்டது நீதானா?"

நான்தான், நான்தான் என்று கத்தினேன். வழி கேட்டுக்கொண்டு உடனே கிளம்பி அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

காசம்மாள் என்று பெயர். அறுபதை நெருங்கியிருப்பார். கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் வீடு. நடவு வேலைக்குப் போகிறவர். அன்று மதியம் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது ஆரஞ்சுக் குடையோடு பெட்டி இறங்கியிருக்கிறது. கூட இருந்தவர்கள் குண்டு என்று ஓடிவிட்டார்களாம். ஒருவர் குளத்தில் தூக்கிப் போடச் சொன்னாராம். இன்னொருவருக்கு உள்ளே இருக்கும் பேட்டரி மேல் கண்.

"நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேம்மா. ஆபத்து இல்லன்னு போட்டிருந்திச்சி. தயவுசெய்துன்னு வேற எழுதிக்கீது. அப்புறம் எப்பிடி உடைக்க வுடறது?"

மழை பிடித்துக்கொண்டதும் ஒரு பழைய புடவையில் சுற்றி, வீட்டுக்குத் தூக்கிப் போய், பரண் மேல் வைத்திருக்கிறார். மழையில் கரண்ட் போய் போன் செத்துவிட்டது. இன்று சார்ஜ் ஏற்றிச் சீட்டைப் பார்த்தால், நனைந்ததில் நம்பரின் கடைசி எண் கரைந்து போயிருக்கிறது.

"பத்துல ஒண்ணுதானேன்னு ஒண்ணுலேர்ந்து போட்டேன். ஒருத்தன் இந்தியில பேசறான். ஒருத்தி, எம் புருசனுக்கு எதுக்குடி போன் பண்றன்றா. எட்டுல நீ எடுத்த."

ஏழு பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார், முன்பின் தெரியாத எனக்காக. பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "ஏ, இதுக்கு எதுக்கு அழுவுற, உள்ள வா" என்று டீ போட்டுக் கொடுத்தார். நான் நீட்டிய பணத்தை வேண்டாம் என்றுவிட்டார். புடவையை மட்டும் துவைத்துத் தரச் சொன்னார்.

11 ஆகஸ்ட்

கார்டு முழுசாக இருக்கிறது. இருபத்தேழு கிலோமீட்டர் வரை, ஒரு நொடி விடாமல்.

இருபது கிலோமீட்டரில் நான் சொல்கிற திருத்தத்தின்படி இருந்திருக்க வேண்டியது பத்து லட்சத்துக்கு 4.3. பழைய செயற்கைக்கோள் அன்று மதியம் சொன்னது 4.9.

பலூன் சொல்வது 4.9.

மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

12 ஆகஸ்ட்

அஞ்சு வருசம். இன்னா பண்ணி வச்சிருக்கேன் நான்? எத்தினி மேடையில நின்னு அந்தக் கருவிக்கு வயசாயிடிச்சின்னு பேசியிருக்கேன்! இங்க்ரிட் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேனே, அந்தக் கருவியவே கட்டினவங்ககிட்ட...

கார்டுல தண்ணி பூந்துடிச்சின்னு சொல்லிட்டா? நம்புவாங்க. மழ பேஞ்சது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்க மாட்டாங்க.

இந்த வரியை அடிக்கப் போவதில்லை. இப்படியும் நினைத்தேன், அது இருக்கட்டும்.

13 ஆகஸ்ட்

மதியம் அவர் வயலிலிருந்து வந்ததும் சொன்னேன். கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"தப்புன்னு யாரு கண்டுபுடிச்சது?"

"நான்தான்."

"வேற யாரனா கண்டுபுடிச்சிருந்தா?"

அது இதைவிடக் கேவலம் என்று புரிந்தது. "மொதல்ல சாப்புடு" என்று எனக்குத் தட்டு எடுத்து வைத்தார். இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார்.

சாப்பிட்ட பிறகு உஷாராணிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அப்ப பழைய பலூன்ல எங்கியோ கோளாறு மேடம். வாங்க, தோண்டிடலாம்" என்றாள். நாம், நம் தப்பு என்கிற மாதிரியே பேசினாள்.

15 ஆகஸ்ட்

விடுமுறை. ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும். நாலு மணிக்கு அகப்பட்டது.

பழைய பலூன்களில் உயரத்தைக் காற்றழுத்தத்திலிருந்து கணக்கிட்டோம். புதியதில் ஜிபிஎஸ் இருக்கிறது, அழுத்தமானியும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், மேலே போகப் போக அழுத்தமானி விலகுகிறது. இருபது கிலோமீட்டரில் நானூறு மீட்டர் பொய். ஈரத்தைச் சரியாகத்தான் அளந்திருக்கிறோம். பலூன் எங்கே இருந்தது என்பதுதான் தவறு. செயற்கைக்கோள் ஓர் இடத்தைப் பார்க்க, நான் வேறு இடத்து அளவைக் காட்டி அதைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்றிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு. நீங்கள் சொன்னதுதான் சரி என்று இங்க்ரிட்டுக்கு. இரண்டையும் அப்போதே அனுப்பினேன்.

19 ஆகஸ்ட்

இங்க்ரிட் பதில் போட்டிருக்கிறார். கேலி இருக்கும் என்று பயந்து ஒரு மணி நேரம் திறக்காமலே வைத்திருந்தேன்.

அதே வகை அழுத்தமானி அவர்களுடைய பலூன்களிலும் பறந்திருக்கிறதாம். என் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அங்கேயும் அதே விலகல். யாருமே கவனிக்கவில்லை. எல்லாப் பழைய பறப்புகளையும் சேர்ந்து திருத்தலாமா, உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும் என்கிறார்.

கரும்பு வயலுக்குப் போனேன். அவர் புது மோட்டார் போட்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

24 ஆகஸ்ட்

புடவையைத் துவைத்து எடுத்துக்கொண்டு கிருமாம்பாக்கம் போனேன். காசம்மாக்கா வேகவைத்த மல்லாட்டை ஒரு முறம் நிறைய வைத்தார்.

"பொட்டியில இன்னாதான் இருந்திச்சி?"

"நான் சொன்னது தப்புன்னு இருந்திச்சிக்கா."

கடலை உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அடக் கடவுளே. தெரிஞ்சிருந்தா கொளத்துலயே போட வுட்டிருப்பேனே!"

"போட்டிருந்தா அந்தத் தப்ப நான் சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்திருப்பேன்."

"வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"அப்ப நல்லதுதானா?"

நல்லதுதான் என்றேன். நான் நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு கை மல்லாட்டையை என் பக்கம் தள்ளினார்.

9 ஜனவரி 2026

கரும்பு வெட்டு தொடங்கியது. காலையில் ஆட்களுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நாற்பத்தாறு பலூன்களின் உயரமும் திருத்தி முடிந்தது. நாங்கள் பார்த்த இடங்களில் நீராவி கூடியிருக்கிறது. பழைய செயற்கைக்கோள் சொன்ன அளவுக்கே. சந்தோஷப்படுகிற செய்தி இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லது.

மதியம் இங்க்ரிட்டோடு எழுதும் புதுக் கட்டுரையின் கடைசிப் படத்தைப் போட்டேன். செயற்கைக்கோளின் எண்களை வந்தபடியே எடுத்துக்கொண்டேன். ஒரு புள்ளியையும் நகர்த்தவில்லை.