சாப்பிட்டீங்களா அக்கா

மார்ச் 4
சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

மதியம் அந்தத் தம்பி கூப்பிட்டான். என் கிரெடிட் கார்டு கடனை வங்கியிடமிருந்து வாங்கிய கம்பெனியின் வசூல்காரன். பணப் பேச்சுக்கு முன்னால், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்பான். வேலை போனபின் இதைத் தினமும் கேட்கிற ஒரே ஜீவன். சிரிப்புத்தான் வருகிறது.

போன மாதம் கொஞ்சம் கட்டினேன், அவனுக்காகத்தான். டார்கெட் முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்றான். வேலை போவது எப்படியென்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 11
கோர்ட் ஆள் வந்து சம்மன் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசிக்குள் பதில் தராவிட்டால் அவர்கள் கேட்டதெல்லாம் தீர்ப்பாகிவிடும்.

தம்பிக்கு ஒன்றும் தெரியாதாம், அது வேறு டிபார்ட்மென்டாம். நம்பினேன்.

மார்ச் 12
எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 18
இலவச சட்ட உதவி மையம். வக்கீல் சின்னப் பெண். கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்றாள். போன மாதம். அதற்கு முன்? மூன்று வருஷம் முன்னால். பேனாவைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷம் கட்டாத கடனுக்குக் கேஸ் போட முடியாதும்மா, போன மாசத்தோட கெடு முடிஞ்சிருக்கும். நீங்க கட்டின அந்தக் கொஞ்சத்துலதான் அதுக்குத் திரும்ப உயிர் வந்திருக்கு."

இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். மேஜையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, அழுகிறவர்களிடம் "உங்க கஷ்டம் புரியுது" என்று குழைந்து பேசியவள் நான். பிறகு பதிவு செய்த குரல் ஒன்று அதையே பேச ஆரம்பித்தது, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழைவு எனக்கா அடையாளம் தெரியாம போச்சு? அடி முட்டாளே. உனக்கா?

மார்ச் 19
தம்பி கேள்வியை ஆரம்பித்ததும் குறுக்கிட்டேன். "தாள்ல எழுதியிருக்கா தம்பி, இல்ல மனப்பாடமா?"

அவனுக்குப் பின்னால் இன்னொரு குரல் யாரையோ "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டது.

"ரெண்டும்தான்க்கா," என்றான்.

மார்ச் 24
பதில் மனு தயார். கடன் வாங்கியது உண்மை; வட்டியும் அபராதமும் அநியாயம்; இன்று வேலை இல்லை. நான் சொன்னதைத்தான் வக்கீல் பெண் கோர்ட் மொழியில் எழுதியிருக்கிறாள். படித்தால் யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளை.

"இனிமே அவங்க உங்களை நேரா கூப்பிடக் கூடாதுன்னு தனியா ஒரு கடிதம் போட்டுடலாமா?"

உடனே சரி சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு. அவள் காத்திருந்தாள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

மே 6
இன்று கோர்ட். வட்டியில் பெரும்பகுதி தள்ளுபடி. மீதியை மாதத் தவணையில் கட்ட வேண்டும். அவர்கள் பக்கம் வந்தவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லபடியா முடிஞ்சதும்மா என்று வக்கீல் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

மே 9
குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மதியம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன். "சாப்பிட்டேன் தம்பி," என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். பழைய ஆஸ்பத்திரிக் குரல்தான் வந்தது.

இன்னும் சாப்பிடவில்லை.