எந்தத் தியேட்டர்?

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட நா எழவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதத்தைப் பிடித்திருக்கிறேன். அப்பாவை அனுப்பிவைத்த அன்றும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம்தான்.

நீ அன்று அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறோம். ஷோ முடிஞ்சதும் பேசு." அன்றைய நாடகத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். சினிமாவுக்குத்தான் கிளம்புகிறீர்கள் என்று நினைத்து, "பாதியிலேயே தூங்கிடுவார், தட்டி எழுப்பிவிடு" என்று பதில் போட்டேன். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருப்பவள் தியேட்டர் என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று மூன்றாம் மனுஷனுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

அப்பா அங்கே கண் திறக்காமல் போன நேரத்தில், நான் சிப்பாய் வேஷத்தில் குண்டடி பட்டுச் செத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே பட்டாளத்தில் நின்றவரின் பிள்ளை. ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நாடகத்தை விட்டுவிட்டேன். ஒரு டைல்ஸ் கடையில் சேர்ந்திருக்கிறேன்.

உன் தம்பி,
வசனம்
(அப்பா வைத்த பட்டப்பெயரைப் போட எனக்கு இனி யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை.)

ஜூன் 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌகரியம். அப்பாவின் அறையை இன்னும் ஒழிக்கவில்லை. அவருடைய பட்டாளத்து பூட்ஸ் உன் அளவுதான், வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்.

நாடகம் உன் இஷ்டம். விடு என்றும் சொல்ல மாட்டேன், விடாதே என்றும் சொல்ல மாட்டேன். அழுது புரண்டாலும் மாண்டவர் வரப்போவதில்லை. வெறும் டீயைக் குடித்துக் காலம் தள்ளாமல் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போட்டதே பெரிது. இரண்டு வரி திட்டியிருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடையில் ஒருவருக்கு பாத்ரூம் டைல்ஸின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து, "தம்பி, நாம டைல்ஸ்தான் விக்கிறோம், ராஜ்யத்தை இல்ல. கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றார். தொட்டில் பழக்கம், என்ன செய்ய.

டைரக்டர் வந்திருந்தார். இந்த மாதக் கடைசியோடு வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்றவர், எனக்காக ஜூலை பத்து வரை பொறுக்கிறேன் என்றார். முடியாது என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். உன் பழைய செய்திகளையெல்லாம் நேற்று எடுத்துப் படித்தேன். "ஓ.டி.யில இருக்கேன்", "ஓ.டி. முடிய லேட்டாகும்." ஆபரேஷன் தியேட்டர் உனக்கு எப்போதும் ஓ.டி.தான். தியேட்டர் என்று நீ எழுதியது அந்த ஒரு தடவைதான். ஏன் அக்கா? தப்பைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, சும்மாதான் கேட்கிறேன்.

வசனம்

ஜூலை 1

என் அருமைத் தம்பிக்கு,

இதை நீ கேட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் போனை எடுக்கவில்லை.

அவசரமாக முடிவான ஆபரேஷன், உன்னிடம் முன்கூட்டிச் சொல்ல அப்பா விடவில்லை. அவரை டிராலியில் படுக்க வைத்து, உனக்குச் செய்தி எழுத ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓ.டி.ன்னு எழுதாதே. ஓ.டி.ன்னு பார்த்தா அவன் பாதி வேஷத்துல ஓடி வந்துடுவான். தியேட்டர்னு எழுது. பொய்யும் ஆகாது" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு. "நாங்க சண்டை போட்ட இடத்தையும் ஆபீசருங்க தியேட்டர்னுதான் சொல்லுவாங்க. களத்துல நிக்கிறவனைப் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாது, கமாண்டர்" என்றார். சின்ன வயதில் என்னை அப்படிக் கூப்பிடுவாரே, அதே குரல்.

எழுதினேன். உன் பதில் வந்தபோது அவர் உள்ளே போயிருந்தார். உனக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நீ மேடை ஏற இன்னும் நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அது மட்டும் இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷனில் விருப்பமே இல்லை. "நாங்க தினமும் பண்றதுதாம்பா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தவள் நான். நான் தினமும் தள்ளித் திறக்கிற கதவு அது. அன்றைக்கும் நானே திறந்து அவரை உள்ளே விட்டேன். அவர் இதயம் தாங்கவில்லை.

அந்தப் பாரத்தை ஒருத்தியாகச் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ தப்பு செய்ததாக நினைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. கூடப் பிறந்தவள் இப்படியும் இருப்பாளா என்று நீ கேட்கலாம். வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க விடாதே. நீ மேடையில் நிற்க வேண்டும் என்றுதான் அவர் என்னை அப்படி எழுதச் சொன்னார்.

அக்கா

ஜூலை 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலைந்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது கோபமே இல்லை என்று எழுதினால் அது வெறும் வசனம். இருக்கிறது. ஆனால் அந்தக் கதவை நீ ஒருத்தியாகத் திறக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும்தான் அவரைச் சம்மதிக்கச் சொல்லியிருப்பேன்.

டைரக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். கடை முதலாளி இரண்டு டிக்கெட் கேட்டிருக்கிறார். ஒத்திகைக்கு அப்பாவின் பூட்ஸ் வேண்டும், மறக்காமல் அனுப்பிவை.

இருபத்தெட்டாம் தேதி தியேட்டருக்கு வா. நாடகம் போடுகிற தியேட்டர், குழப்பிக்கொள்ளாதே. கடைசியில் நான் சுடப்பட்டு விழுவேன். பயந்து எழுந்து போய்விடாதே, அக்கா. திரை விழுந்ததும் நான் எழுந்துவிடுவேன்.

வசனம்