தோட்டக்காரனா, குதிரைக்காரனா

அக்கா,

எதிர்வீட்டில் பொங்கலுக்காக ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து ஒரே டர்பன்டைன் வாசனை. தலை வலிக்கிறது, கதவைச் சாத்து என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் சாத்தவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வரும். திங்கட்கிழமை என்றால் நீதான்.

பீங்கான் கம்பெனியில் கடைசிக் கொட்டகை நம்முடையது. ஜன்னலோரம் நீளமாக ஒரு பலகை, எட்டுப் பெண்கள். சூளையிலிருந்து வரும் வெள்ளைக் கோப்பைகளில், டர்பன்டைனில் குழைத்த சாயத்தால் நான் பூ வரைவேன், நீ விளிம்பில் கோடு போடுவாய். கோப்பையை இடது கையால் ஒரு சுற்றுச் சுற்றுவாய், தூரிகை அசையவே அசையாது, கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். எனக்கு உன்மேல் பொறாமை அங்கேயே ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் அந்த இந்தித் தொடர் வரும். ராஜா ராணிக் கதை. ஒரு மந்திரவாதி ராஜாவின் உருவத்தை மாற்றிவிடுகிறான். ராஜா தன் அரண்மனையிலேயே வேலைக்காரனாக இருக்கிறான். எந்த வேலைக்காரன் என்று ராணிக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ரேஷன் கடை வரிசையில்கூடச் சண்டை. சமையல்காரன்தான் என்பார்கள், தாடி வைத்த காவல்காரன் என்பார்கள். நம் கொட்டகையில் ஒருத்தி, ராணி வளர்க்கிற கிளிதான் ராஜா என்று சாதித்தாள்.

"கிளி எப்புடிடி வேலக்காரன் ஆவும்?" என்று நீ கேட்டாய்.

"பேசுதுல்ல? அதான் அதுக்கு வேல" என்றாள் அவள். சிரித்துச் சிரித்து அன்று நாலு கோப்பை பாழாயிற்று.

என் கட்சி தோட்டக்காரன். ராணி நடக்கும்போதெல்லாம் அவன்தான் பக்கத்தில் நிற்கிறான் என்பது என் வாதம். உன் கட்சி குதிரைக்காரன். "அவன் குதிரையத் தட்டிக் குடுக்கறதப் பாருங்கடி. சம்பளத்துக்குத் தட்டறவன் அப்புடித் தட்ட மாட்டான்" என்பாய்.

எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. உனக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி ஆறு மாதம் பம்பாயில் வீட்டுக்காரரோடு இருந்தவள் நீ. நல்ல இடமாகப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவர் உன்னை அம்மா வீட்டில் விட்டுப் போயிருந்தார். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாய். மேஸ்திரி வீட்டு டி.வி. முன்னால் நாம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது நீ மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பாய். மறுநாள் கொட்டகையில் ராணி என்ன சொன்னாள், மந்திரவாதி என்ன பதில் சொன்னான் என்று ஒன்றுவிடாமல் சொல்வாய். மூடிய கொட்டகையில் வேர்த்து வழியும்போதும் எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு திங்கட்கிழமை நீ சொன்னாய், ராணி குதிரைக்காரனைப் பார்த்து, "ஒன் கையி வேலக்காரன் கையி மாதிரி இல்லியே" என்று கேட்டாளாம். அத்தோடு கொட்டகை முழுக்க உன் கட்சிக்குப் போய்விட்டது. "தோட்டக்காரன் பொண்டாட்டி என்னா சொல்றா?" என்று என்னைக் கேலி செய்தார்கள். நீயும் சிரித்தாய். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன். அந்தக் கொட்டகையில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர்.

ரயில்வே குடியிருப்பில் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கொச்சையாகத் தமிழ் வரும். அடுத்த ஞாயிறு மேஸ்திரி வீட்டுக்கு வராமல் நான் அங்கே போனேன். காய்ச்சல் என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன். போன வாரம் ராணி குதிரைக்காரனிடம் என்ன சொன்னாள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, "மழ வருது, குதிர உள்ள கட்டு" என்றார். அவ்வளவுதான். அன்றைய கதையையும் வரிக்கு வரி கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது இந்தியில் ஒரு கேள்வியும் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை நீ வழக்கம்போல ஆரம்பித்தாய். மந்திரவாதி ராணியிடம் ஏதோ சவால் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கற்றுக்கொண்டு வந்ததைக் கேட்டேன். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். இந்தி பேசுகிற ஊரில் நாலு நாள் இருந்தவர்களுக்குத் தெரிந்த கேள்வி.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "என்னா கேக்கற?"

"இந்திலதான் கேக்கறேன். பதில் சொல்லு."

"மறந்து போச்சுடி."

"ஆறு மாசம் இருந்தவங்களுக்கு இதுகூடவா மறந்துபூடும்? மந்திரவாதி பேசனது மட்டும் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டு, ரயில்வே அம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மழை வருகிறது, குதிரையை உள்ளே கட்டு என்பதையும் சேர்த்து. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த, நம் எல்லோரிலும் மூத்தவள்தான் கேட்டாள். அவள் குத்திக் கேட்கவில்லை. "அப்ப நீ பம்பாய்க்கே போவலியாம்மா?" என்றாள்.

நீ கையிலிருந்த கோப்பையின் கோட்டைப் போட்டு முடித்தாய். பிறகு தலையைத் தூக்காமல், "அவரு கூப்புடவே இல்லக்கா" என்றாய்.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய் அக்கா. உனக்கு ஒரு கடிதமாவது வந்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குக்கூட அவர் வந்ததில்லை. உன் இந்தி பொய்யென்றால் பம்பாயும் பொய்யென்று கணக்குப் போட எனக்கு நன்றாகவே தெரியும். தோட்டக்காரன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அதைக் கேட்டேன்.

அதுவரை நீ பம்பாய்க்காரர் பெண்டாட்டி. அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. சூளையில் அடுக்குகிற ஆண்கள்கூட உன்னிடம் அளந்துதான் பேசுவார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் போயிற்று. "பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் உன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். நீ டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் நீ கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்தச் செவப்பு சாயத்த இப்புடித் தள்ளுடி" என்று எப்போதும்போலப் பேசினாய். இரண்டு மாதம் கழித்துத் திட்டக்குடியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாய்.

நீ போன பிறகு அந்தத் தொடர் முடிந்தது. கடைசி ஞாயிறு அரண்மனை வாசலில் எல்லா வேலைக்காரர்களையும் நிறுத்தினார்கள். குதிரைக்காரன் ராஜாவானான். ஒரு வார்த்தை புரியாமல், அவன் கையை மட்டும் பார்த்து நீ கண்டுபிடித்திருக்கிறாய். மறுநாள் கொட்டகையில் ஒருத்தியும் உன் பேரை எடுக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நாலைந்து வருடம் கழித்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். என் இடுப்பில் பிள்ளை. மறைந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் நீ என்னைப் பிடித்துவிட்டாய்.

"என்னாடி, இவ்ளோ குண்டாயிட்ட! புள்ள ஒன்ன மாரியே இருக்குது" என்று வாங்கிக் கொஞ்சினாய். பிறகு, "ஆமா, அந்தக் கத என்னா ஆச்சு? தங்கச்சி வூட்ல அப்ப டி.வி. கெடையாது. கடைசில யாருடி ராஜா?" என்று கேட்டாய்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அந்தத் திங்கட்கிழமையையும் பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். நான், "தோட்டக்காரன்தான்க்கா" என்றேன்.

"பாத்தியா! நீ அப்பவே சொன்ன. எனக்குத்தான் வெளங்கல" என்றாய். திட்டக்குடி பஸ் வந்துவிட்டது. பிள்ளை கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டு, "போயிட்டு வரேன்டி" என்று ஓடினாய்.

போன ஐப்பசியில் நீ கண்ணை மூடிவிட்டாய் என்று எனக்குத் தெரியவே ஒரு மாதமாயிற்று. போய் உன் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் மகள், பள்ளிக்கூடத்துப் பெண், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்களப் பத்தி பெரியம்மா சொல்லிக்கினே இருப்பாங்கத்த. ராஜா தோட்டக்காரனா இருக்கற கத சொல்லுவாங்கள்ல, அத டி.வி.ல காட்றதுக்கு முன்னாடியே நீங்க கண்டுபுடிச்சிட்டீங்களாமே? அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ புத்தின்னு சொல்லுவாங்க."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். "இல்லம்மா, அது குதிரைக்காரன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"இல்லத்த, தோட்டக்காரன்தான். எத்தன வாட்டி கேட்டிருக்கறேன்! எங்க பெரியம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

பொய் சொன்னது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் தங்கச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியுமோ, எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பொய்க்காரி ஆக்க அன்று எட்டுப் பேர் நடுவில் அவ்வளவு பேசிய வாய் இது. "ஆமாம்மா, தோட்டக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.